குடி மறுவாழ்வு சென்டரை விட்டு வந்தாச்சு, இனி எங்கிருந்து தொடங்குவது? (கொழிஞ்சாம்பாறை – பொள்ளாச்சி பக்கம்)

நடுப்புணிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சாமான் வாங்கப் பொள்ளாச்சி. அப்பா தென்னையில் கள் சீவியவர், நானும் மீசை முளைக்கும் முன்பே மரம் ஏறியவன். குடித்த கதையை விரித்து எழுதப் போவதில்லை. சென்டரில் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. தோப்பில் கள்ளோடு தொடங்கியது, எல்லை தாண்டி டாஸ்மாக்கில் போய் நின்றது. அவ்வளவு போதும்.

வீட்டார் என்னைத் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். சிகிச்சை முடிந்ததும், "வெளியே போனால் தாங்கமாட்டாய், இன்னும் கொஞ்ச நாள் இரு" என்றார்கள். இருந்தேன். வாலண்டியர் என்று பெயர். புதிதாக வருகிறவர்களுக்கு ராத்திரிக் காவல், கை நடுங்குகிறவர்களுக்குக் கஞ்சி ஊட்டுவது, காலை வகுப்பில் பேசுவது, இதெல்லாம் என் வேலை. சாப்பாடும் பாயும் உண்டு, சம்பளம் கிடையாது. அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. அங்கே இருந்தவரை ஒரு சொட்டு தொடவில்லை. அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

மாசியில் வெளியே வந்துவிட்டேன். சண்டை எதுவும் இல்லை. மகள் பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறாள், இன்னும் எத்தனை நாள் ஊரான் பிள்ளைக்குக் காவல் இருப்பது என்று தோன்றியது. கிளம்பும்போது வார்டன் சொன்னார்: "இங்கிருந்து சொந்த முடிவில் போனவன் எவனும் நின்றதில்லை." வீட்டிலும் அதைத்தான் நம்புகிறார்கள். மனைவி வெளியே சொல்வதில்லை, மாமியார் சொல்கிறார்.

குடிக்காமல் இருப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை. அது ஓரளவு தெரியும். மற்றது எதுவும் தெரியவில்லை. ஐந்தரை மணிக்குத் தானாக முழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். சட்டைப் பையில் நூறு ரூபாய்க்கு மேல் இருந்தால் வீட்டில் எல்லோர் முகமும் மாறுகிறது. தெரிந்த ஒரே தொழில் கள் தொழில். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலிருந்துதான் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கே கள் போகிறது, இங்கே வேறு வேலை கேட்டால் சிரிக்கிறார்கள். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை என்ன செய்வது என்பது தனிப் பிரச்சினை. இப்படி நீண்ட காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

அரசு மருத்துவமனையில் போதை மீட்பு வார்டில் வேலை பார்த்தவள் நான். வாழ்க்கை பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் மருந்து பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெளியே வரும்போது உங்களுக்கு ஏதாவது மாத்திரை கொடுத்தார்களா? டைசல்பிராம் என்றால் கவனம். அதைச் சாப்பிடும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு உடம்பில் இருக்கும். சாராயம் மட்டும்தான் மது என்று நினைக்காதீர்கள். உங்கள் பக்கம் உடம்பு வலி என்றால் உடனே அரிஷ்டம் வாங்கிக் குடிப்பார்கள். அரிஷ்டம் புளித்து உருவாகிற மருந்து, அதில் இயற்கையாகவே ஆல்கஹால் உண்டு. சில இருமல் மருந்திலும் உண்டு. கள் ஊற்றிப் புளிக்க வைத்த ஆப்ப மாவும் வேண்டாம்.

இன்னொன்று, இதை வீட்டுப் பெண்கள் படிக்க வேண்டும். "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்து ஒரு பொடி விற்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தெரியாமல் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்து, நடு ரோட்டில் விழுந்து வருகிறவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகம் சோதித்துவிட்டு மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.

சென்டரை விட்டதால் சிகிச்சையையே விட்டதாக ஆகாது. கேரள எக்சைஸ் (கலால்) துறையின் போதை மீட்புத் திட்டமான விமுக்தி 2016-ல் தொடங்கியது, அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் ரேஷன் கார்டு கேரளத்தில்தானே? எக்சைஸ் ஆபீசில் கேட்டால் மையம் எங்கே என்று சொல்வார்கள். ராத்திரி மனம் கனத்தால் அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, டெலிமானஸ் 14416. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

களியக்காவிளை பெரியவர் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு குழப்பம் இருக்கிறது. சென்டரில் நடத்துகிற கூட்டம் வேறு, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் தாங்களே கூடும் அமைப்பு) வேறு. 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குச்சந்தைத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இரண்டு குடிகாரர்கள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்ததில் தொடங்கியது ஏ.ஏ. அதற்குக் கட்டணம் கிடையாது, கேட் கிடையாது, வார்டன் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. உங்கள் சென்டர் ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளைச் சுவரில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கும். அதனால் அது ஏ.ஏ. ஆகிவிடாது.

சென்டரை விட்டது சரியோ தவறோ, அது உங்கள் பாடு. ஏ.ஏ. கூட்டத்தை விடாதீர்கள். நான் தமிழ்க் கூட்டத்துக்கும் போவேன், எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் மலையாளக் கூட்டத்துக்கும் போவேன். அங்கே பாதி புரியாது, ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் கடைக்கு வெளியே இருக்கிறேன். தனியாகச் சமாளிக்கலாம் என்று நினைத்த பலரை நான் தூக்கிக்கொண்டு போய் எரித்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோர்ட் குமாஸ்தா எழுதியது:

பெரியவர் சொல்வதில் முக்கால்வாசிதான் எனக்கு ஒப்பு. நான் ஆந்திரச் சித்தூரில் இருக்கிற தமிழன். சென்டரையும் விட்டேன், கூட்டத்தையும் விட்டேன். அந்தப் படிகளில் "உயர்ந்த சக்தியிடம் ஒப்படை" என்று வருகிற இடத்தில் எனக்கு ஒட்டவில்லை. மருந்து, மருத்துவர், காலையில் கோர்ட்டு வேலை. இதை வைத்தே என் காலம் ஓடுகிறது. கூட்டம் பலரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் போகாதவன் எல்லாம் செத்தான் என்பது பயமுறுத்தல், அதைத்தான் நண்பரின் வார்டனும் செய்திருக்கிறார். குடித்துவிட்டுத் திரும்பி வந்தவனை மட்டும்தான் வார்டன் பார்க்கிறார். நன்றாக இருக்கிறவன் எதற்காகத் திரும்பி வந்து அவரிடம் கணக்குச் சொல்லப் போகிறான்?

கடையை மூடினால் எல்லாம் சரியாகும் என்பாரும் இங்கே வருவார்கள், அவர்களுக்காக ஒன்று. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் சாராயத்துக்கு எதிராக எழுந்து, அது மாநிலம் முழுக்கப் பரவி, 1995 ஜனவரியில் ஆந்திராவில் முழு மதுவிலக்கு வந்தது. எங்கள் அப்பா அப்போது பஸ் ஏறி வேலூர்ப் பக்கம் போய் வருவார். 1997-ல் விலக்கைத் தளர்த்தியதும் பஸ் செலவு மிச்சமானது, அவ்வளவுதான். எல்லையில் இருப்பவனுக்கு எப்போதும் ஒரு பக்கம் திறந்தே இருக்கும்.

அடுத்து சட்டம். "சம்பளம் கிடையாது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் சேர்த்தே மனநோய் என்று வரையறுக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 20-ஆம் பிரிவின்படி உள்ளே இருப்பவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் தகுந்த ஊதியம் தர வேண்டும். கட்டாயமாக மொட்டை அடிப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு தடுக்கிறது. பிறர் சேர்த்துவிடும் அனுமதி முதலில் 30 நாள் வரைதான். அதற்கு மேல் வைக்க வேறு நடைமுறை, மனநல மறுஆய்வு வாரியத்தின் பார்வை எல்லாம் உண்டு.

"நீ நோயாளி இல்லை, வாலண்டியர்" என்று அவர்கள் சொல்லலாம். அப்படியானால் நீங்கள் வேலைக்காரர், குறைந்தபட்சக் கூலி பற்றிய சட்டம் பேசும். நோயாளி என்றால் 20-ஆம் பிரிவு பேசும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓசிக்கு வருடக்கணக்கில் ராத்திரிக் காவல் என்பது நிற்காது. வழக்குப் போடுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்க 25-ஆம் பிரிவில் உரிமை உண்டு. முதலில் அதை வாங்குங்கள்.

மட்டுறுத்துநர்: ஒரு பதிவில் மையத்தின் பெயர் வந்திருந்தது, எடுத்துவிட்டேன். யாரும் பெயர் எழுத வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம்.

கம்பம் ஜீப் எழுதியது:

தம்பி, நான் குடித்தவள் இல்லை, குடித்தவரின் வீட்டுக்காரி. ஏலத்தோட்டத்து வேலை. விடிவதற்கு முன்பே கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மேலே போய், இருட்டுகிற நேரத்துக்கு இறங்குவோம். என் வீட்டுக்காரரும் ஒரு வருடத்துக்கு மேல் சென்டரில் இருந்துவிட்டு வந்தவர். அதனால் உங்கள் மனைவி வெளியே சொல்லாததை நான் சொல்கிறேன்.

நீங்கள் இல்லாத வருடங்களில் அந்த வீடு நீங்கள் இல்லாமல் நடக்கப் பழகிவிட்டது. ரேஷன் யார் வாங்குவது, கரண்ட் பில் யார் கட்டுவது, பிள்ளை காய்ச்சலுக்கு யார் ஆஸ்பத்திரி போவது, எல்லாவற்றுக்கும் ஒரு வழி ஏற்பட்டுவிட்டது. என்னவர் திரும்பி வந்த முதல் வாரத்திலேயே, "பெரியவளை நர்சிங்கில் சேர்க்க யாரைக் கேட்டாய்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குடித்துவிட்டுக் கிடந்தபோதுகூட அப்படி அதிகாரம் செய்ததில்லை! குடியை நிறுத்தியதற்கு எங்களிடம் பரிசு எதிர்பார்க்கிறார்கள், அதுதான் விஷயம். அடுத்தது ஏ.டி.எம். கார்டைக் கேட்டார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு எப்படிச் சரியானது என்றால், பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நான் போகும்போது விடிந்திருக்காது. காலைச் சோற்றை நீங்கள் ஆக்குங்கள், சின்னவனைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று விட்டேன். முதல் மாதம் குழைந்த சோறுதான். ஆனால் அவர் இல்லையென்றால் அந்த வேலை நடக்காது என்ற இடம் ஒன்று வீட்டில் அவருக்குக் கிடைத்தது. நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஐந்தரை மணியை அடுப்படிக்குக் கொண்டு போங்கள்.

காசு விஷயம். கூலியை முழுதாக என்னிடம் தந்துவிடுவார், நான் பஸ்ஸுக்கும் டீக்கும் எண்ணித் தருவேன். அது அவருக்கு அவமானம்தான், எனக்குத் தெரியும். அதனால் ஒரு மாதம் ஒழுங்காகப் போனால் அடுத்த மாதம் கொஞ்சம் கூட்டுவது என்று முதலிலேயே பேசி வைத்தோம். சும்மா "நம்பு, நம்பு" என்றால் யாருக்கு நம்பிக்கை வரும்?

இன்னொரு சங்கடம், வாயை முகர்வது. ராத்திரி அவர் தூங்கியதும் பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்ப்பேன். அவர் முழித்துக்கொண்டே கண்ணை மூடிக் கிடந்திருக்கிறார், பிறகுதான் சொன்னார். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவரே என் பக்கத்தில் வந்து நின்று நாலு வார்த்தை பேசுவார். தோட்டத்தில் மழையா, ஜீப்பில் இடம் கிடைத்ததா என்று. நான் முகர மாட்டேன், அவரும் தள்ளி நிற்க மாட்டார். இதை நாங்கள் ஒப்பந்தம் என்றெல்லாம் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியாக, அந்தப் பன்னிரண்டு படிகளில் மன்னிப்புக் கேட்பது என்று ஒரு படியைச் சென்டரில் சொல்லித் தருகிறார்களாமே. வந்த அன்றே காலில் விழுந்தார், அழுதார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடகில் இருந்த என் வளையலை மீட்டுக்கொண்டு வந்து கொடுத்த அன்றுதான் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

களியக்காவிளை பெரியவர் எழுதியது:

ஒன்பதாவது படி அதுதான், அம்மா. மன்னிப்புக் கேட்பது இல்லை, கெடுத்ததைச் சரிசெய்வது. சென்டர்களில் அழுகையோடு நிறுத்திவிடுகிறார்கள். வளையல்தான் சரி.

பாளை எழுதியது:

நான் வேலந்தாவளம் பக்கம் சீவுகிற ஆள். இங்கே எல்லோரும் தொழிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போல் இருக்கிறதே என்றுதான் எழுதுகிறேன். மரம் ஏறுகிறவன் எல்லாம் குடிகாரன் இல்லை. என் மாமனார் தலை நரைக்கும்வரை சீவினார், மதியம் மோர்தான் குடிப்பார். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, அங்கே போனால் இந்தத் தொழிலே கிடையாது. கேரளத்தில் இது லைசென்ஸ் உள்ள மரியாதையான வேலை. கள்ளுத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1969-லேயே வந்தது. அண்ணன் பழைய நல நிதிக் கணக்கு என்ன ஆனது என்று ஆபீசில் போய்க் கேட்டாரா? காலை, மதியம், மாலை என்று மூன்று ஏற்றம். சென்டரில் மணி அடித்தது போல இங்கேயும் மணி உண்டு, கூலியும் உண்டு. தென்னை நார் மில்லில் போய்த் தூசி தின்பதற்கு இது எவ்வளவோ மேல்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

உங்கள் மாமனாருக்குக் குடிநோய் இருந்ததில்லை, தம்பி. இருந்தவருக்கு அந்தப் புளித்த வாசமே போதும், மூளை பழைய தடத்துக்குப் போய்விடும். பல வருடம் நிறுத்தியவருக்கும் இது நடக்கும். தொழிலைக் குறை சொல்லவில்லை. முதல் வருடத்துக்காவது வேண்டாம் என்கிறேன்.

நடுப்புணிக்காரன் எழுதியது:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொருவராகப் பதில் சொல்ல நேரமில்லை, முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன்.

பாளை தம்பி, தொழில்மேல் எனக்குக் கோபமில்லை. நல நிதி விஷயம் நல்ல வேளையாகச் சொன்னீர்கள், நான் மறந்தே போயிருந்தேன். பழைய பாஸ்புக்கைத் தேடுகிறேன். ஆனால் மரத்தில் பானை பார்த்து நான் கெட்டவன் இல்லை. சாயங்காலம் கள்ளை அளந்து கொடுத்துவிட்டு எல்லோரும் கள்ளு ஷாப்பில் உட்காரும் அந்த நேரம்தான் என்னை இழுத்தது. கப்பைக் கிழங்கு, மீன் கறி, அரசியல், அதற்குப் பிறகு எல்லை தாண்டி ஒரு பயணம். கேரளத்தில் மாதம் ஒன்றாம் தேதி மதுக்கடை அடைப்பு என்றால் அன்றைக்குக் கூட்டம் இன்னும் அதிகமாக அந்தப் பக்கம் போகும். மாலை ஏற்றம் இருக்கும்வரை அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து வர முடியாது. சிஸ்டர் வாசம் என்கிறார், எனக்கு ஆட்கள்.

அதனால் ஏறுவதை விடாமல் சீவுவதை விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். இங்கே தேங்காய் பறிக்க ஆள் கிடைப்பதில்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் மெஷின் வைத்து மரம் ஏறப் பயிற்சி கொடுக்கும் திட்டம் தொடங்கியது, 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று. எனக்குக் கால் கயிறே போதும், ஆனாலும் மெஷினில் ஏறினால் தோப்புக்காரர்கள் நம்பிக் கூப்பிடுகிறார்களாம். மரக் கணக்குக் கூலி, காலையில் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். தென்னையிலிருந்து நீரா என்ற இனிப்பு நீர் இறக்குவதையும் ஒருவர் சொன்னார். அது புளிக்காமல் குளிரில் வைத்து இறக்குவது, சீவத் தெரிந்த கை இருந்தால் போதும். ஆனால் ஐஸ் கொஞ்சம் தவறினால் அது கள்தான். எனக்கு இப்போது அந்த விளையாட்டு வேண்டாம்.

அக்கா, நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முகரும் கதையில் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நாளைக்குக் காலையில் தேங்காய் துருவி வையுங்கள்" என்றாள். மாமியார் இன்னும் மாறவில்லை.

சாயங்காலத்துக்கு யாரும் வழி சொல்லவில்லையே.

வார்டு சிஸ்டர் எழுதியது:

சாயங்காலத்துக்கு மருந்து இல்லை என்பதால்தான் நான் பேசவில்லை! வார்டில் நாங்கள் சொல்வது: ஆறு மணிக்குப் பசியோடு இருக்காதீர்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கும் வேட்கையைக் கிளப்பும். ஐந்தரைக்கே வயிறு நிறையச் சாப்பிட்டால் பாதி குறையும். வேட்கை வந்தாலும் அது ஏறி இறங்கிவிடும், பெரும்பாலும் அரை மணி தாண்டாது. அந்த அரை மணிக்கு யாரிடமாவது பேசுங்கள்.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்க வெட்கப்படுவார்கள். ஒருநாள் தவறிவிட்டால், "எல்லாம் போச்சு, இனி எதற்கு" என்று தொடர்ந்து குடிப்பதுதான் ஆளைக் கொல்கிறது. மறுநாளே வந்துவிடுங்கள், திட்ட மாட்டோம். பழைய அளவை உடம்பு தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். கஞ்சா, மாத்திரை, ஊசி என்று இருந்து வந்தவர்கள் இதைப் படித்தால் இன்னும் கவனம். ஓபியம் வகை போதையில் நீண்ட நாள் நிறுத்திவிட்டுப் பழைய அளவைப் போட்டவர்கள் மூச்சு நின்று போயிருக்கிறார்கள். பல நாள் தொடர்ந்து குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

மாமியாரையும் ஒருநாள் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனையில் குடும்பத்துக்கென்றே தனி வகுப்பு உண்டு. குடித்தவர் தேறினாலும் பயந்தவர் தானாகத் தேறுவதில்லை.

களியக்காவிளை பெரியவர் எழுதியது:

சாயங்காலத்துக்கு நான் முதலிலேயே வழி சொன்னேன், தம்பிக்குக் காது கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது போங்கள். பிடிக்காவிட்டால் டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள். அது இலவசம்.

நடுப்புணிக்காரன் எழுதியது:

சரி ஐயா, ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் ஒரு கூட்டம் இருக்கிறதாம், போகிறேன். எழுந்து நின்று கதை சொல்லச் சொன்னால் மட்டும் சொல்ல மாட்டேன். மற்ற நாட்களில் மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன், அவள் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். ஒன்பது மணி ஆகிவிடுகிறது.

குமாஸ்தா சாருக்கு ஒரு கேள்வி. பதிவேட்டு நகல் கேட்க மனுவை எந்த மொழியில் எழுதுவது? நேரில் கொண்டு போய்க் கொடுத்தால் மறுபடி உட்கார வைத்துப் பேசுவார்கள், அதற்கு எனக்கு இப்போது தெம்பில்லை.

கோர்ட் குமாஸ்தா எழுதியது:

தமிழிலேயே எழுதுங்கள், மையம் தமிழ்நாட்டில்தானே இருக்கிறது. நேரில் போகவே வேண்டாம். சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, 25-ஆம் பிரிவு, இந்த மூன்றும் மனுவில் இருக்கட்டும். சம்பளப் பேச்சை இதில் சேர்க்காதீர்கள், அது பிறகு. ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் மனுவின் நகலையும் உங்கள் மனைவியிடம் கொடுத்து வையுங்கள்.